லேப்டாப்பைச் சுற்றியுள்ள துளைகள்: எதில் எதைச் சொருகலாம்?

கேள்வி: "மகள் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். பாண்டியில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். இரண்டு பக்கமும் ஏகப்பட்ட ஓட்டை. டைப் சி-யிலிருந்து டி.வி.க்கு எடுக்கிற கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டோம், படம் வரவில்லை. போன் சார்ஜரை அதே டைப் சி-யில் போடலாமா? கல்லூரியில் பழைய புரொஜெக்டர், அதற்கு என்ன வாங்க வேண்டும்? அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது, அது எதற்கு?" (திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அக்கா.)

அக்கா, டி.வி. விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கன்வெர்ட்டரும் பழுதில்லை, லேப்டாப்பும் பழுதில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த டைப் சி போர்ட்டுக்கு (போர்ட் என்றால் நீங்கள் சொல்கிற ஓட்டைதான்) பக்கத்தில் யூஎஸ்பி குறி மட்டும்தான் இருக்கிறது. அது டேட்டாவுக்கு மட்டுமான போர்ட். அதன் வழியாகப் படம் வெளியே வராது. ஆனால் அதே படத்தில், இரண்டு விரற்கடை தள்ளி, படமும் சத்தமும் சேர்ந்து வெளியே போகிற எச்.டி.எம்.ஐ. போர்ட் முழு அளவில் இருக்கிறது. சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று வாங்கி, ஒரு முனையை அதிலும் மறு முனையை டி.வி.யிலும் சொருகுங்கள். டி.வி. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, எந்த எச்.டி.எம்.ஐ.யில் சொருகினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு பி எழுத்தை அழுத்தி, டூப்ளிகேட் என்பதைக் கொடுங்கள். படம் டி.வி.யிலும் சத்தம் லேப்டாப்பிலுமாக இருந்தால், கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் குறியைத் திறந்து டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்கிற எனக்கு இதே புகார் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடுகிறது, சார்ஜர் போட்டும் ஏறவில்லை. பொருள் மேல் பழி போட்டு, மாற்றி மாற்றி வாங்கிக் காசு போகிறது. லேப்டாப்பின் விளிம்பில் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி பொறித்திருப்பார்கள். சொருகுவதற்கு முன்னால் அந்தக் குறியைப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். அதனால் நீங்கள் கேட்டதோடு நிறுத்தாமல் லேப்டாப்பை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுகிறேன். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். லேப்டாப்பை அணைத்து, மூடி, மேசைமேல் வைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பு பாடியில் கறுப்பாகவே பொறித்த குறிகள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இடது பக்கம் முதலில் இருக்கிற வட்டத் துளை சார்ஜர் பின்னுக்கு. அடாப்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அவுட்புட் என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் 65 வாட். நாளைக்கு இந்தச் சார்ஜர் போய் வேறு வாங்க நேர்ந்தால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு இருக்கலாம், கூடவும் இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் குறுக்களவும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு வைத்திருக்கிறது, ஒரே கம்பெனியே வருஷத்துக்கு வருஷம் மாற்றியும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் பழைய சார்ஜரையே கையோடு கொண்டுபோங்கள்.

டெல், ஹெச்.பி. சார்ஜர்களின் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். லேப்டாப்புக்கான கரண்ட் அதன் வழியாகப் போவதில்லை. நான் இன்ன வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ டெல் லேப்டாப் திரையில் சார்ஜரை அடையாளம் தெரியவில்லை என்று செய்தி வரும். லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரிதான் போய்விட்டது என்று புது பேட்டரி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. முதலில் அந்த ஊசியைப் பாருங்கள்.

சார்ஜர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜ் போட்டபடி தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று மெல்லிய அதிர்வு தெரிவதாகப் பலர் பயந்து வருகிறார்கள். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கிற சின்னக் கெபாசிட்டர் வழியாக மிகச் சொற்ப மின்சாரம் பாடிக்கு வருகிறது. அது இறங்கிப் போவதற்குத்தான் மூன்று பின் பிளக்கில் பெரிய எர்த் பின் இருக்கிறது. எர்த் பின்னை ஒடித்துவிட்டோ, இரண்டு பின் மாற்றியில் சொருகியோ ஓட்டினால் அது போக வழியில்லாமல் உங்கள் கை வழியாகப் போகிறது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். இது லேப்டாப்புக்காக மட்டும் சொல்வதில்லை, வீட்டிலிருக்கிற கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து யூஎஸ்பி. பென் டிரைவ் போடுகிற அந்த நீள்சதுரத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். உங்கள் லேப்டாப்பில் இடது பக்கத்து நாக்கு நீலம், வலது பக்கத்தது கறுப்பு. கறுப்பில் நாக்கின்மேல் நான்கு தங்க நிறத் தகடுகள்தான் இருக்கும். நீலத்தில் அந்த நான்கோடு, இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகள் வரிசையாகத் தெரியும். அந்த ஐந்தும்தான் வேகம். நான்கு தகட்டோடு நிற்கிற யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். ஒன்பதும் உள்ள 3.0-க்கு 5 கிகாபிட், பத்து மடங்குக்கு மேல். வெளியே போடுகிற ஹார்ட் டிஸ்க்கில் 10 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் கறுப்பில் ஐந்து நிமிஷம் போல ஆகும், நீலத்தில் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் நீலத்தில். மவுஸ், கீபோர்ட், பிரின்டர் எல்லாம் கறுப்பில். மவுஸுக்கு வேகம் வேண்டியதில்லை, நீலத்தை அதற்குக் கொடுத்து வீணாக்க வேண்டாம்.

நீல நிறம் ஒரு வழக்கம்தான், கட்டாயம் இல்லை. புது லேப்டாப்புகளில் எல்லா நாக்கையும் கறுப்பாகவே விட்டுவிடுகிறார்கள். அங்கே குறிதான் துணை. மூன்று கிளை பிரிகிற யூஎஸ்பி குறி தனியாக இருந்தால் 2.0. பக்கத்தில் எஸ் எஸ் என்று இரண்டு ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் 3.0 வகை, அதோடு 10 என்ற எண்ணும் இருந்தால் 10 கிகாபிட். பேட்டரி படமோ மின்னல் கீற்றோ சேர்ந்திருந்தால், பெரும்பாலும் லேப்டாப் தூங்கும்போதும் அணைந்திருக்கும்போதும் அந்தப் போர்ட்டில் போன் சார்ஜ் ஏறும். ராத்திரி கரண்ட் போய்விட்டால் அவசரத்துக்கு உதவும்.

இப்போது டைப் சி. 2014-ல் வந்த வடிவம் இது. எப்படித் திருப்பினாலும் நுழையும், உள்ளே 24 தொடுமுனை. அதற்கு முன்னால் வந்த பெரும்பாலான போர்ட்டுகளில் வடிவத்தைப் பார்த்தால் வேலை தெரிந்துவிடும். பழைய புரொஜெக்டருக்குப் போகிற விஜிஏ துளையில் விஜிஏ தவிர வேறொன்றும் போகாது. டைப் சி-யில் அந்தக் கணக்கு செல்லாது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கிற பஸ்களில் போர்டு படிக்காமல் ஏறினால் சிதம்பரம் போக வேண்டியவர் விருத்தாசலத்தில் இறங்க வேண்டி வரும். டைப் சி-யும் அப்படித்தான். சிலது டேட்டா மட்டும் கடத்தும். சிலது டேட்டாவோடு லேப்டாப்புக்கு சார்ஜும் ஏற்றிக்கொள்ளும். சிலது படத்தையும் வெளியே அனுப்பும். தண்டர்போல்ட் வகை இவை எல்லாவற்றையும் 40 கிகாபிட் வேகத்தில் செய்யும். நான்குக்கும் வெளியே தெரிகிற ஓட்டை ஒன்றே.

போர்டு எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டைக்குப் பக்கத்தில். யூஎஸ்பி குறி மட்டும் இருந்தால் டேட்டா. பிளக் அல்லது பேட்டரி படம் இருந்தால் சார்ஜ் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி எழுத்து அடங்கிய ஒரு குறி இருந்தால் படம் வெளியே வரும். அது டிஸ்ப்ளே போர்ட்டின் அடையாளம். அம்பு முனையோடு முடிகிற மின்னல் கீற்று இருந்தால் தண்டர்போல்ட். இங்கே ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பி குறியோடு சேர்ந்து வருகிற சாதாரண மின்னலுக்கும் இந்த அம்பு மின்னலுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது போனுக்கு சார்ஜ் கொடுக்கும் என்பதைத்தான் சொல்கிறது. பல கம்பெனிகள் மலிவு மாடல்களில் குறியே போடாமல் விட்டுவிடுகின்றன. அதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். வாங்குகிறவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? அப்படிப்பட்ட இடத்தில் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கிற முழு மாடல் எண்ணை எடுத்து, கம்பெனியின் வலைத்தளத்தில் அந்த எண்ணுக்கான விவரப் பக்கத்தைத் திறந்து, போர்ட் என்ற பகுதியைப் படிக்க வேண்டும். மாடலின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வேறு வேறு எண்ணோடு வருகிற லேப்டாப்புகளில் டைப் சி-யின் திறன் மாறும்.

போன் சார்ஜர் கேள்விக்கு வருகிறேன். உங்கள் லேப்டாப்பில் டைப் சி வழியாக சார்ஜ் ஏறாது, வட்டப் பின் ஒன்றுதான் வழி. போன் சார்ஜரைத் தவறிச் சொருகினாலும் ஒன்றும் எரியாது. பவர் டெலிவரி என்கிற முறையில் சார்ஜரும் கருவியும் முதலில் பேசிக்கொள்ளும். ஒத்துக்கொண்ட பிறகுதான் 5 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பேச்சு முடியாவிட்டால் 5 வோல்ட்டோடு நின்றுவிடும்.

சார்ஜ் ஏறுகிற டைப் சி உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான லேப்டாப்புகள் 20 வோல்ட் எதிர்பார்க்கும். 20 வாட் போன் சார்ஜர் பெரும்பாலும் 9 வோல்ட்டோடு நின்றுவிடும், அதனால் சில லேப்டாப் ஏற்காது, சில லேப்டாப் மெதுவான சார்ஜர் என்று செய்தி காட்டிவிட்டு ஆமை வேகத்தில் ஏற்றும். போன் டப்பாவில் 80 வாட் என்று எழுதியிருக்கிறதே என்றால், அது பல நேரம் அந்தக் கம்பெனி போனுக்கு மட்டும் கிடைக்கிற கணக்கு. சார்ஜரின் முதுகில் பி.டி. (பவர் டெலிவரியின் சுருக்கம்) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 20 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளும் முக்கியம். சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் முனைக்குள் அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாண்டி காந்தி வீதியில் விரித்து விற்கிற மலிவுக் கேபிள்கள் போனுக்குப் போதும். லேப்டாப்புக்கு வாட் அளவு அச்சடித்த கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்தக் குழப்பம் போகப்போகக் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் டைப் சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று தேதி வைத்தது. அங்கே விற்கிற கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அடுத்த லேப்டாப் வாங்கும்போது டைப் சி-யில் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

கல்லூரி புரொஜெக்டர். பல வகுப்பறைகளில் கூரையில் மாட்டியிருப்பது பழைய விஜிஏ வகை. நீல நிற முனை, மூன்று வரிசையில் 15 பின், இரண்டு பக்கமும் திருகு. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வடிவம், இன்னும் நம் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் விஜிஏ இல்லை. அதற்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற அடாப்டர் வேண்டும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல், விஜிஏ அனலாக் என்பதால் இரண்டுக்கும் நடுவே மாற்றுகிற சிப் இருந்தாக வேண்டும். வெறும் வயராக இரண்டு முனை வைத்து விற்பது வேலை செய்யாது. இந்த அடாப்டர்கள் ஒரு திசையில் மட்டும் போகும். விஜிஏவிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு என்று எழுதியதை வாங்கிவிட்டால் படம் வராது, எழுத்தின் வரிசையைப் பார்த்து வாங்குங்கள். விஜிஏவில் சத்தம் போகாது. பாப்பா வீடியோ காட்ட வேண்டியிருந்தால் பக்கவாட்டில் 3.5 மி.மீ. ஆடியோ துளை வைத்த அடாப்டராக வாங்கினால், வகுப்பறை ஸ்பீக்கரை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

எச்.டி.எம்.ஐ. போர்ட்டைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தச் சொல்லுங்கள். 19 தொடுமுனை நெருக்கமாக அடுக்கிய போர்ட் அது. தடித்த கேபிள் மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் அதன் எடை முழுவதும் மதர்போர்டில் பற்றவைத்த இடத்தை இழுக்கும். கேபிளின் ஒரு சுற்று மேசைமேலேயே கிடக்கட்டும்.

வலது பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். கீழ்த் தாடை போல மடிந்து திறக்கிற துளை, இன்டர்நெட் கொண்டுவருகிற லேன் கேபிளுக்கு. சொருகும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும், எடுக்கும்போது கிளிப்பை அழுத்தித் தாடையைக் கீழே தள்ளி எடுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் அந்தத் தாடை ஒடிந்துவிடும். கேபிளின் எட்டுக் கம்பியும் சரியாகத் தொட்டால்தான் 1 கிகாபிட் வேகம், நான்கு மட்டும் தொட்டால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வந்தால் சார்ஜரைக் கழற்றுகிற நாம் லேன் கேபிளை மறந்துவிடுகிறோம். வெளியே கம்பத்திலிருந்து வருகிற கேபிள் வழியாக அதிர்ச்சி வந்து லேன் சிப் கருகின லேப்டாப்புகள் ஒவ்வொரு மழைக்காலமும் என் மேசைக்கு வருகின்றன.

இயர்போன் துளை ஒன்றுதான், மைக்கும் அதிலேயே. இயர்போன் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக் உள்ளது, இரண்டு வளையம் என்றால் கேட்க மட்டும். அதற்குப் பக்கத்து மெல்லிய பிளவு மெமரி கார்டுக்கு. கேமராவில் போடுகிற பெரிய அளவு கார்டு நேராகப் போகும், போனில் போடுகிற சின்னதை அதற்கான உறையில் வைத்துத்தான் போட வேண்டும். கடைசியில் இருக்கிற சின்னச் செவ்வகத் துளையில் பூட்டுச் சின்னம் இருக்கும். 3-க்கு 7 மி.மீ. அளவு, கென்சிங்டன் பூட்டுக்கானது. மேசைக்காலோடு இரும்புக் கயிறு போட்டுக் கட்டி வைக்க. விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களுக்குப் பயன்படும், பாப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

லேப்டாப்பைத் திருப்பிப் போடுங்கள். வரிவரியாக இருக்கிற ஜன்னல்தான் காற்று உள்ளே போகிற இடம். சூடான காற்று திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவிலுள்ள மூட்டு வழியாகவோ பக்கவாட்டிலோ வெளியே வரும். மெத்தைமேல், தலையணைமேல் வைத்தால் அடி ஜன்னல் அடைந்து, ஃபேன் கத்தும், லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் மெதுவாக ஓடுகிறது, உங்கள் கடையில் வேகமாக ஓடுகிறது என்று சொல்கிறவர்களிடம் முதலில் எங்கே வைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றுதான் கேட்பேன். திரையைத் திறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். மூலையைப் பிடித்தால் பாரம் முழுக்க ஒரு பக்க மூட்டில் விழுந்து, சில வருஷத்தில் பாடியே பிளந்துவிடும்.

அந்த ஊசித் துளை. படத்தில் அதற்குப் பக்கத்தில் வளைந்த அம்புக்குறி தெரிகிறது. அது ரீசெட் துளை. லேப்டாப் உறைந்துபோய் பவர் பட்டனுக்கும் அசையாமல் கிடந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, நேராக்கிய பேப்பர் கிளிப்பால் உள்ளே இருக்கிற பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜர் போட்டு ஆன் செய்ய வேண்டும். உள்ளே பேட்டரி ஒரு கணம் துண்டிக்கப்பட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கும், ஃபைல் எதுவும் அழியாது. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது அதைத் தொட வேண்டாம். இதே அளவில் கேமராவுக்குப் பக்கத்திலும் ஒன்றிரண்டு துளை இருக்கும், அவற்றுக்குக் குறி இருக்காது. அவை மைக். ஊசி பட்டால் மைக் போய்விடும். கேமராமேல் சின்னத் தள்ளு மூடி இருந்தால் வகுப்பு முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். கேமரா ஓடும்போது பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். நாம் எதுவும் திறக்காமலே அது எரிந்தால் உடனே கவனிக்க வேண்டிய விஷயம்.

பழைய லேப்டாப் என்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த சோதனைக் காலம் முடிவதற்குள் எல்லாப் போர்ட்டையும் ஒரு தரம் சொருகிப் பார்த்துவிடுங்கள். பென் டிரைவை ஒவ்வொரு யூஎஸ்பியிலும், இயர்போன், எச்.டி.எம்.ஐ., லேன், கார்டு என்று வரிசையாக. சொருகியதை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டினால் தொடர்பு விட்டுவிட்டு வந்தால் உள்ளே பற்றவைத்த இடம் விரிசல் விட்டிருக்கிறது. வாங்கின புதிதில் யாரும் லேன் போர்ட்டைச் சோதிப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும்போதுதான் பழுது தெரிகிறது, அப்போது கேட்க ஆளில்லை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி சொல்வது நம் கரைக்கு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே பாப்பாவின் கல்லூரி. கடல் காற்றில் உப்புத் துகள் வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூரிலும் பாண்டியிலும் ராத்திரி ஈரப்பதம் அதற்கு மேல் போவது சாதாரணம். போர்ட்டுக்குள் படிந்த உப்பு இப்படிக் கரைந்து, அங்கே மின்சாரமும் ஓடும்போது, தொடுமுனையின் மேல் பூச்சு அரித்து அடியிலுள்ள செம்பு வெளியே வருகிறது. பயன்படுத்தாத எச்.டி.எம்.ஐ.க்குள் டார்ச் அடித்தால் பச்சைப் பொடி ஒட்டியிருப்பது தெரியும், யூஎஸ்பியின் வெளித் தகட்டு ஓரத்தில் பழுப்புத் துரு படர்ந்திருக்கும். உள்ளூரிலிருந்து வருகிற லேப்டாப்புகளில் இதை நான் பார்க்கிற அளவுக்கு வேறொன்றையும் பார்ப்பதில்லை.

பயன்படுத்தாத போர்ட்டுகளுக்குச் சின்ன ரப்பர் மூடிகள் கிடைக்கும், போட்டு வையுங்கள். லேப்டாப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். ஏசி லேபிலிருந்து வெளியே வரும்போது லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். குளிர்ந்த மெட்டலில் வெளிக் காற்று பட்டால் வேர்த்துவிடும், அந்த வேர்வை போர்ட்டுக்குள்ளும் இருக்கும். பச்சை லேசாகத் தெரிந்தால் லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் புது டூத் பிரஷ்ஷின் நுனியை லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யலாம். கை கழுவுகிற சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பிசினும் கலந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடவே கூடாது. சேஃப்டி பின்னால் சுரண்டினால் இரண்டு தொடுமுனை ஒட்டி, சொருகியவுடன் ஷார்ட் ஆகும்.

மழைக்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தபோது, கட்டிலுக்கு அடியிலும் கீழ்த் தட்டிலும் வைத்திருந்த லேப்டாப்புகள் நிறைய நனைந்தன. அவற்றில் பிழைத்தவை, நனைந்த பிறகு யாரும் ஆன் செய்து பார்க்காதவை. தண்ணீர் போர்ட் வழியாகவும் அடி ஜன்னல் வழியாகவும் உள்ளே போகிறது. பேட்டரி உள்ளேயே மாட்டியிருப்பதால், அணைந்திருக்கும்போதும் போர்டில் சில இடங்களில் மின்சாரம் நிற்கும், அங்கேதான் அரிப்பு முதலில் தொடங்கும். நனைந்துவிட்டால் பவர் பட்டனைத் தொடாமல், திரையை விரித்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டையில் புதைக்க வேண்டாம், தூசியும் மாவும் போர்ட்டுக்குள் போவதுதான் மிச்சம். ஹேர் டிரையர் சூடும் வேண்டாம். அன்றைக்கே தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொண்டுபோய் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். போர்டைக் கழுவிக் காயவைத்து அவர் சரி என்று சொல்லும் வரை சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள்.